ஹைப்போ டோசிங் பம்ப்: ஐந்தாறு வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

திருப்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போர்வெல் தண்ணீரில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்து) கலப்பதற்கு, மணிக்கு 6 லிட்டர் வரை தள்ளும் சோலனாய்டு வகை (மின்காந்தத் துடிப்பில் இயங்கும்) டோசிங் பம்ப் ஐந்தாறு வருடமாக ஓடுகிறது. டெஃப்லான் முகம் கொண்ட டயாஃப்ரம் (முன்னும் பின்னும் அசைந்து மருந்தைத் தள்ளும் சவ்வு), பிவிசி தலைப்பகுதி, செராமிக் வால்வுப் பந்துகள். இதே வகையை வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு அவதிப்படுபவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்தப் பம்ப் பழுதாகி நிற்பது அபூர்வம். மின்சாரப் பகுதியில் இதுவரை குறை எதுவும் வரவில்லை. ஆனால் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மருந்தின் அளவு குறைந்துபோகும். எங்களுக்கு வந்த தொல்லைகள் எல்லாம் இந்த ரகம்தான். ஷிஃப்ட் ஆபரேட்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டு "ஓடுது சார்" என்பார். அவர் மேல் தப்பே இல்லை, வெளியிலிருந்து அவ்வளவுதான் தெரியும். அதனால் சக்‌ஷன் லைனில் (பம்ப் மருந்தை உறிஞ்சும் பக்கம்) அளவுக்கோடு போட்ட ஒரு காலிபரேஷன் குழாய் கட்டாயம் பொருத்துங்கள். பெரும்பாலும் பம்போடு வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

டேங்க் வால்வை மூடிவிட்டு அந்தக் குழாயிலிருந்து பம்ப் உறிஞ்சும்படி வைத்தால், ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீருக்கு 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் வேண்டும் என்றால், மணிக்கு 150 கிராம். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள ஹைப்போவில் அது ஒன்றரை லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 25 மில்லி. நாங்கள் வாரம் ஒரு முறை பார்க்கிறோம். 20 மில்லிக்கு வந்துவிட்டால் பம்ப் தலையிலுள்ள வால்வைக் கழற்றிப் பார்த்துவிடுவோம். லைன் பிரஷர் இருக்கும்போதே அளக்க வேண்டும். டெலிவரி டியூபைக் கழற்றி பக்கெட்டில் விட்டு அளந்தால், உண்மையில் போவதைவிட அதிகமாகக் காட்டும்.

கோடையில் வருவது வேறு தொல்லை. ஹைப்போ தானாகவே சிதைந்து ஆக்சிஜனை விடும், வெயில் ஏற ஏற அது வேகமாகும். சித்திரை, வைகாசியில் பம்ப் கொஞ்ச நேரம் நின்றிருந்தாலே தலைக்குள் வாயு சேர்ந்து ஏர் லாக் ஆகிவிடும். அதன்பிறகு டயாஃப்ரம் அந்த வாயுவை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்குமே தவிர மருந்து நகராது. ஸ்ட்ரோக் நீளம் (ஒவ்வொரு துடிப்பிலும் டயாஃப்ரம் நகரும் தூரம்) குறைவாக இருந்தால் இது இன்னும் மோசம். அதனால் நீளத்தை 70, 80 சதவீதத்தில் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்பதைக் குறைத்து அளவைக் கொண்டுவருகிறோம். நீளத்துக்கான குமிழை பம்ப் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும்.

முதலில் பம்ப் டேங்க் மூடியின் மேல் இருந்தது. டேங்கின் அடியிலிருந்து மருந்து தானாக இறங்கிவரும்படி பம்பைக் கீழே வைத்ததும் ஏர் லாக் வெகுவாகக் குறைந்தது. ஒரு விஷயம், இப்படி வைத்தால் டயாஃப்ரம் கிழியும்போது மொத்த மருந்தும் வெளியே வர வழி உண்டு. டேங்கைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருப்பது நல்லது.

பம்ப் சரியாக அளந்து கொடுத்தாலும் ஹைப்போ பழசாக இருந்தால் குளோரின் குறைந்துபோயிருக்கும். குடிநீருக்கு ஐ.எஸ். 10500 தரம் கேட்கும் 0.2 பிபிஎம் மிச்சக் குளோரின் கடைசிக் குழாயில் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறோம். கேன்களை மொத்தமாக வாங்கி அடுக்குவதை நிறுத்திவிட்டோம்.

அதிகம் பேர் கவனிக்காத இடம், மருந்து தண்ணீரில் சேரும் இன்ஜெக்‌ஷன் வால்வு. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினம். ஹைப்போ காரத்தன்மை உள்ளது என்பதால் அது தண்ணீரைத் தொடும் இடத்திலேயே சுண்ணாம்பு படிந்து, முனை வெள்ளைக் கல்லாக அடைத்துக்கொள்ளும். பம்ப் முக்கிக்கொண்டே தள்ளும், கடைசியில் டியூப் பிய்த்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, நீர்த்த ஆசிட்டில் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஆனால் அதற்கு முன் ஹைப்போ துளிகூட மீதியில்லாமல் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் இந்த வேலையில் இறக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறை டயாஃப்ரம், பந்து, சீட், ஓ-ரிங் எல்லாவற்றையும் கிட்டாக மாற்றிவிடுகிறோம். பம்ப் தலைக்குப் பின்னால் அடியில் சின்ன ஓட்டை இருக்கும். அதில் மருந்து கசிந்தால் டயாஃப்ரம் போய்விட்டது என்று அர்த்தம், வருடம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வால்வு மேல் இருக்கும் அம்புக்குறி, மருந்து போகும் திசையைப் பார்க்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டெஃப்லான் அழுத்தத்தில் மெல்ல நகரும் என்பதால் ஒரு நாள் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். ஓ-ரிங் உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை, சுற்றினால் சரியாக உட்காராது.

படிகாரத்துக்கு மோட்டார் வகைப் பம்ப் ஒன்று உண்டு. அதில் கியர் ஆயில் மாற்றுவதும் ஸ்ட்ரெய்னர் கழுவுவதும் தவிர வேலை குறைவு.

மறுபடி வாங்குவதானால் இதே அளவில், வாயுவைத் தானாக வெளியேற்றும் தலையுள்ள மாடலாகக் கேட்பேன். கூடவே கம்பெனி ஒரிஜினல் கிட் இரண்டு. கடையில் கிடைக்கும் மாற்று டயாஃப்ரம் விலை குறைவுதான், ஆனால் எங்களிடம் ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை.