ரைசன் கணினிக்கு எந்த ரேம்: 5600, 6000, 8000

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 அல்லது 9000 வரிசைச் செயலியை அதற்குரிய ஏஎம்5 மதர்போர்டில் பொருத்தி, ஓவர்க்ளாக் செய்து (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி) விளையாட விரும்புகிறவர் ரேம் வாங்கப் போனால், பெரும்பாலும் மூன்று வகை டிடிஆர்5 தொகுப்புகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கும். மலிவானது 5600 வேகமும் (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றங்கள்) சிஎல்46 தாமதமும் (கேட்ட தரவு வரத் தொடங்கும் வரையான காத்திருப்பு) கொண்டது. நடுவில் இருப்பது 6000, சிஎல்30. விலை மிகுந்தது 8000, சிஎல்38. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால் மூன்றாவதையே வாங்கத் தோன்றும். பெரும்பாலானோருக்கு நடுவில் இருப்பதே போதும் என்பது என் முடிவு. அதற்கான காரணத்தை ரேமில் தேடுவதைவிடச் செயலிக்குள் தேட வேண்டும்.

முதலில் தாமதம். சிஎல் எண் குறிப்பது கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கையையே தவிர, நேரத்தை அன்று. அதை 2000 ஆல் பெருக்கி ரேமின் வேக எண்ணால் வகுத்தால்தான் நானோவினாடிக் கணக்கு கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 5600 தொகுப்புக்கு ஏறத்தாழ 16.4, 6000 தொகுப்புக்குச் சரியாக 10, 8000 தொகுப்புக்கு 9.5 என்று வருகிறது. மலிவானதற்கும் நடுவில் உள்ளதற்கும் ஆறு நானோவினாடிக்கு மேல் இடைவெளி இருக்க, அதற்கு மேலே ஏறுவதால் கிடைப்பது அரை நானோவினாடிதான். (பழைய டிடிஆர்4-3200, சிஎல்16 ரேமுக்கும் இதே 10 நானோவினாடி வரும் என்பதை அறிந்தால் விளம்பரங்களின் மீதான மயக்கம் சற்றுத் தெளியும்.)

தாமதத்தில் இல்லாவிட்டாலும் கடத்தும் அளவில் 8000 முந்தும் அல்லவா என்று கேட்கலாம். காகிதத்தில் முந்துகிறது: இரண்டு சேனல்களில் (ரேமுக்கான பாதைகளில்) 6000 ரேம் நொடிக்கு 96 ஜிபி தரும், 8000 ரேம் 128 ஜிபி தரும். ஆனால் செயலிக்குள் கணக்கிடும் கோர்கள் அமைந்திருக்கும் சில்லுக்கும், ரேமுடன் பேசும் நினைவகக் கட்டுப்பாட்டகம் இருக்கும் சில்லுக்கும் இடையே ஓடும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு, 2000 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 32 பைட்டுகளையே கோர்களுக்குக் கொண்டுசேர்க்கும். எட்டு கோர்கள் ஒரே சில்லில் அடங்கிய ரைசன் 7 செயலிகளில், ரேமிலிருந்து படிக்கும் வேகம் இதனால் நொடிக்கு 64 ஜிபி அளவிலேயே நின்றுவிடுகிறது. அணையில் எவ்வளவு நீர் இருந்தாலும் மதகின் அளவுக்குத்தான் வயலுக்கு வரும்.

இதைவிட முக்கியமானது, கட்டுப்பாட்டகத்தின் கடிகாரம். 6000 வேகம் வரை, செயலியின் தரம் நன்றாக அமைந்தால் 6400 வரை, கட்டுப்பாட்டகமும் ரேமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து ஓடும். ஒரு சுற்றில் இரண்டு பரிமாற்றங்கள் நடப்பதால் ரேமின் கடிகாரம் அதன் வேக எண்ணில் பாதி; எனவே 6000 ரேமில் இரண்டுமே 3000 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். அதைத் தாண்டினால் கட்டுப்பாட்டகம் ரேமின் பாதிக் கடிகாரத்துக்கு இறங்கிவிடுவதால், 7200 ரேம் போட்டவருக்கு அது 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் தாமதத்தை வாங்கியதாகவே இது முடியும் என்பதால், ரைசனுக்கு 7200 தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 8000 வேகத்தை எட்டும்போது கட்டுப்பாட்டகம் 2000 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்குடன் இணைந்து ஓடுவதால், இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. ஆயினும் அந்த வேகம் நிலையாக ஓட நல்ல மதர்போர்டும் புதிய பயாஸும் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) செயலியின் அதிர்ஷ்டமும் சேர்ந்து அமைய வேண்டும். ஓவர்க்ளாக் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு அது இன்பமான உழைப்பாக இருக்கலாம். விளையாட மட்டும் விரும்புகிறவருக்கு அந்த உழைப்பு தேவையில்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே டிடிஆர்5 வழக்கமாகப் பாதி விகிதத்தில்தான் ஓடுகிறது என்பதால் 7200 வாங்குவதில் பொருள் உண்டு.

7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்ற செயலிகளை வைத்திருப்பவர்கள் இந்த அலசலை இன்னும் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். அவற்றிலுள்ள 96 எம்பி மூன்றாம் நிலை கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்), விளையாட்டுகள் அடிக்கடி கேட்கும் தரவில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், ரேமின் தரம் காட்டும் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. அவர்களுக்கு 6000, சிஎல்36 தொகுப்பே போதும். மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவது நல்லது. 32 எம்பி கேஷ் மட்டுமே உள்ள 7700எக்ஸ் போன்றவற்றில்தான் சிஎல்30 தன் விலைக்கு நியாயம் செய்யும்.

எண்ணிக்கையில் மட்டும் தயக்கமே வேண்டாம்: இரண்டு ஸ்டிக்குகள்தான். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200, நான்கு போட்டால் 3600. பின்னாளில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி இன்று இரண்டு 16 ஜிபி வாங்குவதைவிட, 64 ஜிபி தேவைப்படும் என்று தெரிந்தவர் இப்போதே இரண்டு 32 ஜிபி வாங்கிவிடுவது மேல்.

வாங்கிய பிறகு பயாஸில், ரேமைப் பெட்டியில் குறித்த வேகத்துக்கு உயர்த்தும் எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் எந்த ரேமும் தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும். முதல் முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளக் கணினி சில நிமிடங்கள் கறுப்புத் திரையிலேயே இருக்கக்கூடும். அப்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. நினைவகக் கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023இல் சில எக்ஸ்3டி செயலிகள் கருகிய பிறகு ஏஎம்டி விதித்த வரம்பு அது.

இன்னும் வேகம் வேண்டுமென்றால், 8000 தொகுப்புக்குத் தாவுவதற்கு முன், 6000 தொகுப்பின் உள் டைமிங்குகளை (சிஎல் போன்ற பிற நேர அளவுகளை) திருத்திப் பார்க்கலாம். இந்த வகைத் தொகுப்புகளில் பெரும்பாலும் இருக்கும் ஹைனிக்ஸ் சில்லுகள், தரவு அழியாமல் மின்னேற்றத்தைப் புதுப்பிக்கும் வேளைகளுக்கு இடையிலான டிரெஃபி இடைவெளியை நன்றாக நீட்டித்தாலும் தாங்கும். அதனால் தாமதம் கண்கூடாகக் குறையும். ஆனால் சூடான சில்லு மின்னேற்றத்தை விரைவாக இழக்கும் என்பதால், கிராபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று நேராக ரேமின் மேல் வீசும் கணினிப் பெட்டியில் இதே அமைப்பு பிழைகளைத் தரக்கூடும். ஆகவே சோதனையை மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளுடன் நிறுத்தாமல், கிராபிக்ஸ் கார்டு முழுச்சுமையில் சூடேறியிருக்கும்போதும் ஒருமுறை ரேமைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.