டிஃப்ராக் எத்தனையாவது சுற்றில் முடியும்? ஒரு பழைய வீட்டுக் கணினியுடன் பத்து ஆண்டுகள்

எங்கள் வீட்டு மேசைக் கணினிக்குச் சென்ற மாதம் ஓர் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் வட்டு இல்லாமல் சிப்புகளிலேயே கோப்புகளை வைக்கும் சேமிப்பகம், வாங்கிப் பொருத்தினேன். 240 ஜிபி கொண்டது கைக்கு எட்டும் விலையில் கிடைத்ததால், இத்தனை காலம் தள்ளிப்போட்ட செலவை இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. செய்தி எப்படியோ நெல்லிக்குப்பத்தில் இருக்கும் பழைய அலுவலக நண்பரை எட்டிவிட்டது. "சார், எங்க வீட்டு சிஸ்டமும் நகர மாட்டேங்குது. டிஃப்ராக் போட்டா போதுமா, இல்ல உங்கள மாதிரி செலவு பண்ணணுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். டிஃப்ராக் என்பது, ஹார்ட் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் விண்டோஸ் கருவி. ஆனால் ஆறு ஆண்டுகளாக அதனுடன் மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

கணினி 2013-ல் புதுச்சேரியில் வாங்கியது. பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ரேம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (கோப்புகளை வைக்கும் சுழலும் வட்டு), விண்டோஸ் 7 என்று அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இருந்த அதே அமைப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் வீடு; சன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேராகக் கேபினெட்டில்தான் வந்து நிற்கும். முதல் நான்கு ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017 வாக்கில் தொடங்கியது மந்தம். பொத்தானை அழுத்திவிட்டு, பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, காப்பியோடு வந்து உட்கார்ந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன்: ஒரு கடிதக் கோப்பு திறந்து தட்டச்சுக்குத் தயாராக 6 நிமிடம் 10 விநாடி.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்யும் பிழை. இலவசமாகக் கிடைத்த ஒரு கிளீனர் மென்பொருளை நிறுவினேன். அது ஒரு நிமிடம் எதையோ துழாவிவிட்டு, கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அலறியது; அவற்றைச் சரிசெய்யப் பணம் கட்டச் சொன்னது. அது காட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடந்த செத்த பதிவுகள். அவற்றை அழிப்பதால் கணினியின் வேகம் உணரும்படியாகக் கூடுவதில்லை, தவறான ஒன்றை அழித்துவிட்டால் மட்டும் உடனே உணரலாம். அதை நீக்குவதற்கு, நிறுவியதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

அதன் பிறகுதான் இயங்குதளத்திலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப்பைத் திறந்தேன். தற்காலிகக் கோப்புகள், குப்பைத்தொட்டி, பழைய அப்டேட்டுகளின் மிச்சம் எல்லாம் சேர்த்து 9 ஜிபி மீண்டது. ஆனால் 500 ஜிபியில் 460-க்கு மேல் நிரம்பியிருந்ததற்கு அந்தக் குப்பை காரணமில்லை. கைப்பேசியிலிருந்து படங்களை இறக்கும்போதெல்லாம் "புதியது", "புதியது 2", "மொத்தம்" என்று வெவ்வேறு ஃபோல்டர்களில், அதே படங்களை மூன்று முறை இறக்கி வைத்திருந்தது நானேதான். அவற்றைக் களைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. 100 ஜிபி காலியானது. இந்த இடம் முக்கியம். ஏறக்குறைய நிரம்பிய வட்டில் டிஃப்ராக் செய்வது, நாற்காலி போட இடமில்லாத அறையில் பீரோவை நகர்த்துவதற்கு ஒப்பாகும். பழைய விண்டோஸ் பதிப்பான எக்ஸ்பி காலத்து டிஃப்ராக், 15 சதவீத இடமாவது காலியாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது.

நான் முப்பது ஆண்டுகள் எழுத்தர் பணி பார்த்தவன். கோப்பு சிதறுதல் என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதிவறையில் ஒரு நடப்புக் கோப்பு தடித்துக்கொண்டே போகும். அதே அடுக்கில் இடமில்லாவிட்டால் அடுத்த தாள்களை வேறு அடுக்கில் வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வோம். கோப்பு தொலைவதில்லை, கேட்கும்போது எடுத்துவரத்தான் ஐந்து அடுக்குகளுக்கு நடக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அந்த நடை எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது; வேண்டிய இடம், வட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. தலை தடம் மாற ஏறத்தாழ 9 மில்லிவிநாடி. ஆக, ஒரு துண்டுக்கு 13 மில்லிவிநாடி. ஆயிரம் துண்டுகளாகச் சிதறிய கோப்பு என்றால் 13 விநாடிகள் வெறும் நடைக்கே போய்விடுகின்றன. துண்டு பெரியதாக இருந்தால் இந்த நடை பொருட்டில்லை. அதனால்தான் விண்டோஸ் 7, 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறலாகவே கணக்கில் எடுப்பதில்லை. வேறொரு கருவி அதே வட்டைச் சிவப்பாகக் காட்டும்போது இது 0 சதவீதம் என்று சொல்வதன் மர்மமும் பாதி அதுதான்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். அலுவலகத்தில் எக்ஸ்பி கணினி இருந்த நாட்களில், டிஃப்ராக் ஓடும்போது திரையில் ஒரு பட்டை தெரியும். சிதறியவை சிவப்பு, சேர்ந்தவை நீலம், நகர்த்த முடியாதவை பச்சை, காலியிடம் வெள்ளை. சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பரண் சுத்தம் செய்த திருப்தி இருந்தது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவோடு அந்தப் படம் போய்விட்டது. விண்டோஸ் 7-ல் மிஞ்சியது ஒரே ஒரு வரி: முதல் சுற்று, 12 சதவீதம் இடமாற்றம் செய்யப்பட்டது. அது 100-ஐ எட்டும் என்று காத்திருந்தால், இரண்டாம் சுற்று, 3 சதவீதம் என்று மறுபடி கீழே இறங்கி நிற்கும். மொத்தம் எத்தனை சுற்று என்று எங்கும் சொல்லாது. நான் முதன்முறை ஓட்டிய இரவில் அது பதினோராவது சுற்று வரை போனது. ஒன்பதாவது சுற்றின்போது நான் அதோடு வாய்விட்டுப் பேசியதாக என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

இதைவிட வேடிக்கை, தானாக ஓடும் கால அட்டவணை. ஒவ்வொரு புதன்கிழமையும் இரவு 1 மணிக்கு என்று அது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் பத்து மணிக்கெல்லாம் மெயினை அணைத்துவிடுவோம். தவறிய வேலையை, கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்து அது பிறகு தொடங்கும். நான் காப்பி குடிக்க எழுந்தால் வட்டு கரகரவென்று இரையத் தொடங்குவதும், திரும்பி வந்து மௌஸைத் தொட்டவுடன் நின்றுவிடுவதும் ஏன் என்பது நான்கு ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அதுவரை உள்ளே வைரஸ் இருக்கிறது என்றே நம்பி, பாவம், ஆன்ட்டிவைரஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அட்டவணையை ஞாயிறு மதியத்துக்கு மாற்றியபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ஆறாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போய், யுபிஎஸ் பத்து நிமிடம் கூவிவிட்டுத் தானும் அடங்கியது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஒரு படம்கூடக் கெடவில்லை. துண்டைப் புது இடத்தில் எழுதி முடித்து, பதிவேட்டில் இடத்தை மாற்றிய பிறகே பழைய இடத்தை விடுவிப்பது அதன் வழக்கம். பாதியில் நின்றால் பழைய பிரதி அப்படியே இருக்கும். இத்தனை ஒழுங்கான பதிவறைக் காப்பாளரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் பலன்? முதல் முழு டிஃப்ராக்குக்குப் பிறகு 6 நிமிடம் 10 விநாடி என்பது 4 நிமிடம் 40 ஆனது. மகிழ்ந்தேன். இரண்டு மாதத்தில் ஐந்தரையைத் தொட்டுவிட்டது. ஓட்ட ஓட்ட, ஆதாயம் குறைந்துகொண்டே வந்தது. கடையில் காட்டியதற்கு, மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்து, நானே கேபினெட்டைத் திறந்தேன். துருவேறிய திருகுகளோடு போராடித் திறந்தால், பிராசசர் மேலிருந்த விசிறிக்கும் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசு பஞ்சுமெத்தை போல் படிந்திருந்தது. சூடு மிஞ்சினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசை எடுத்து, ரேமின் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, பக்கத்தில் இன்னொரு 2 ஜிபியையும் செருகினேன். நேரம் 2 நிமிடம் 50-க்கு இறங்கி, அங்கேயே நின்றது. நினைவகம் போதாமல் கணினி ஓயாது வட்டில் எழுதிப் படித்துக்கொண்டிருந்ததைத்தான் இவ்வளவு காலமும் சிதறல் என்று நினைத்துச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2020 சனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்ததும் 10-க்கு மாறினேன். பழைய வட்டில் அது தவழ்ந்தது. எஸ்எஸ்டி வந்தபின் 25 விநாடி. சத்தமில்லை. அதில் நகரும் தலை இல்லாததால், துண்டுகள் எங்கே இருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. டிஃப்ராக் செய்தால் வீணாக எழுதி அதன் ஆயுளைத்தான் தேய்ப்போம். விண்டோஸ் 10 அதை எஸ்எஸ்டி என்று கண்டுகொண்டு, அழித்த இடங்களை அறிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்புவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் படங்களுக்காக இரண்டாவது வட்டாக உள்ளேயே இருக்கிறது. அதை மட்டும் மாதம் ஒருமுறை இன்னும் டிஃப்ராக் செய்கிறேன். தேவையில்லை என்று தெரியும்.

டிஃப்ராக் கருவிக்கு மதிப்பெண் போடச் சொன்னால், ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காத அந்த நேர்மைக்காக முழு மதிப்பெண் போட வேண்டியவன் நான். ஆனால் பதினோரு சுற்றுகளை நினைத்தால் பத்துக்கு மூன்றுக்கு மேல் கை எழும்பவில்லை. நெல்லிக்குப்பத்து நண்பரிடம், முதலில் படங்களை வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள் என்றேன். பழுதாகிக்கொண்டிருக்கும் வட்டாக இருந்தால் டிஃப்ராக்கின் உழைப்பே அதை முடித்துவிடக்கூடும். பிறகு, ரேம் எத்தனை ஜிபி என்று கேட்டேன். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.