பண்டிகை இரவு டிக்கெட்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே இருந்தாலும், பிள்ளைகளை விடுமுறை இரவில் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப்போக நினைக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தப் பதிவு. டிசம்பர் 26, பொது விடுமுறையான நல்லெண்ண நாளன்று, ஒரு பூங்கா நடத்திய ‘பண்டிகை இரவு’க்குப் போனோம். சொன்னதில் பாதிகூடக் கொடுக்காமல் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் புகார் இப்போது நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் இருப்பதால் பூங்காவின் பெயரை எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இரவுகளைப் பலர் நடத்துகிறார்கள். டிக்கெட்டின் பின்னால் இருக்கும் வாசகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

தனி டிக்கெட் போட்டு இரவு நிகழ்ச்சி நடத்துவது புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் கிறிஸ்துமஸ் விருந்து இரவுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அங்கே நிகழ்ச்சி இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை. டிக்கெட் வைத்திருப்பவர்கள் 4 மணிக்கே உள்ளே போகலாம். பகல் டிக்கெட்டில் வந்தவர்களை நிகழ்ச்சி தொடங்கும்போது வெளியே அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஊர்வலம் இரண்டு முறை வரும். குட்டிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வரும் இரண்டாவது ஊர்வலத்தை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். பிஸ்கட்டும் சூடான கோகோவும் டிக்கெட் விலையிலேயே அடங்கும். பகல் டிக்கெட்டைவிட அதிகம் கொடுத்துச் சில மணி நேரம் மட்டும் இருப்பது எதற்காக? கூட்டம் குறைவாக இருக்கும், வரிசை சீக்கிரம் நகரும், அன்றைக்கென்றே சில காட்சிகள் இருக்கும் என்பதற்காக. இந்த மூன்றும் இல்லாவிட்டால் கூடுதல் பணத்துக்குப் பொருளே இல்லை.

எங்கள் பூங்காவின் விளம்பரம் இந்த மூன்றையும் சொன்னது. ‘வரையறுக்கப்பட்ட டிக்கெட்டுகள்’, ‘எல்லா ராட்டினங்களும் திறந்திருக்கும்’, ‘ஆயிரக்கணக்கான விளக்குகள், இரவு உணவு, வாணவேடிக்கை’. பகல் டிக்கெட் 260 ராண்ட், இரவு டிக்கெட் 450 ராண்ட். நேரம் மாலை 5 முதல் இரவு 10 வரை. ஐந்து மணி நேரம் என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசம்பர் கடைசியில் நம் டர்பனில் சூரியன் மறைய ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். விளக்கு அலங்காரத்தை ஏழரைக்குத்தான் போட்டார்கள். ஆகவே ‘இரவு’ என்று விற்றதில் பாதி நேரம் பட்டப்பகல். வெள்ளைக்காரர்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் குளிர்காலத்தில், சீக்கிரமே இருட்டும் பருவத்தில் வருகிறது. அங்கே போட்ட கால அட்டவணையை நம் கோடைக்கு அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே நடத்தும் எந்த விளக்கு நிகழ்ச்சியும் 7 மணிக்கு முன் தொடங்கினால், அந்த நேரத்துக்கு என்ன காட்டப்போகிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வாசலில் கைப்பட்டை மாட்டும் வரிசையிலேயே வெகுநேரம் போனது. டிக்கெட்டைப் படிக்கும் கருவிகளில் பாதி வேலை செய்யவில்லை. பகல் கூட்டத்தையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. அவர்கள் உள்ளே நடமாடிக்கொண்டிருக்க, நாங்கள் வெயிலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் முகநூலில் யாரிடமோ வாங்கிய டிக்கெட்டைக் கைப்பேசியில் காட்டியது. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று கருவி காட்டியது. ஒரே டிக்கெட்டின் கட்டக் குறியீட்டுப் (QR) படத்தைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள்; முதலில் வந்தவர் உள்ளே போய்விட்டார். அந்தத் தாய் அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பூங்காவிடம் நேரடியாக வாங்காத டிக்கெட்டுக்கு ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள், விற்பவர் தெரிந்தவரின் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் தாயாருக்குச் சர்க்கரை நோய். பிள்ளைகளுக்கு ஆயா (பாட்டி) வராமல் எந்தக் கொண்டாட்டமும் இல்லை, அதனால் அவர்களையும் அழைத்துப்போயிருந்தோம். மார்கழி மாதம் முழுவதும் அவர்கள் மரக்கறி உணவுதான். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதால் எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் புளிச்சோறும், தனியாக ஒரு சின்ன டப்பாவில் பீன்ஸ் பொரியலும் எடுத்து வந்திருந்தார்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலர், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று டப்பாக்களை எடுத்து மேசைக்கடியில் இருந்த கூடையில் போட்டார். அந்தக் கூடையில் ஏற்கெனவே பால் புட்டி, ஆப்பிள், ரொட்டிப் பொட்டலம் எல்லாம் கிடந்தன. “தம்பி, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறேன், சாப்பிடாமல் இருக்க முடியாது” என்று அம்மா அவரிடம் நிதானமாகச் சொன்னார்கள். “ஆன்ட்டி, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, மேலதிகாரி சொல்லாமல் நான் விட முடியாது” என்றார் அவர். நல்ல பிள்ளை. குற்றம் அவருடையது இல்லை. மேலதிகாரி கடைசிவரை வரவில்லை.

உள்ளே ‘டிக்கெட்டில் அடங்கிய இரவு உணவு’ என்றால் இரண்டே வகை: மாட்டிறைச்சி பர்கர், அல்லது சாசேஜ் வைத்த ரொட்டி. மரக்கறி கேட்டதற்கு, இறைச்சியை எடுத்துவிட்டு வெறும் பன்னைக் கொடுத்தார்கள். கோழியும் இல்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் இத்தனை பேர் வாழும் நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் இதை யோசிக்காமல் ஒருவர் உணவு ஏற்பாடு செய்கிறார் என்றால், வருபவர்கள் யார் என்று அவருக்கு அக்கறையே இல்லை என்றுதான் பொருள். கடைசியில் என் தம்பி ஒரு கடையில் 75 ராண்டுக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தான். சர்க்கரை நோயாளிக்கு அதுவா உணவு?

ராட்டினங்களுக்கு வருகிறேன். பெரிய ரோலர் கோஸ்டர் ‘பராமரிப்பு’ என்று பலகை மாட்டி மூடியிருந்தது. தண்ணீர் விளையாட்டுகள் பாதுகாப்புக் காரணத்தால் இரவில் கிடையாது என்றார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அது டிக்கெட் விற்றபோதே அவர்களுக்குத் தெரியும். பிறகு எதற்கு ‘எல்லா ராட்டினங்களும்’ என்று எழுதினார்கள்? திறந்திருந்தவற்றில் வரிசை நகரவே இல்லை. என் தம்பி மகள் ராட்சத ராட்டினத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றாள். ஏறிச் சுற்றி இறங்கியது சில நிமிடம்.

இனி நான் மிகவும் வருந்தி எழுதுவது கூட்டத்தைப் பற்றி. ஒன்பது மணி வாணவேடிக்கைக்காக எல்லோரையும் ஒரே திடலில் கூட்டினார்கள். திடலுக்குப் போக ஒரே பாலம்தான். பாலத்தின் மேல் யாரும் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் திரும்ப முடியவில்லை. குழந்தை வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். நான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று எங்கள் ஊர் இரவு விடுதி ஒன்றில் பிள்ளைகளுக்கென்று பகலில் நடந்த நடன நிகழ்ச்சியில் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்து, நெரிசலில் மிதிபட்டு 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களில் சிலவற்றை அறியாதவர்கள் எங்கள் ஊரில் அநேகமாக இல்லை. அடுத்த ஆண்டே, 2001 ஏப்ரல் 11 அன்று, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் கால்பந்துக் கூட்ட நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். ‘நிறைய டிக்கெட் விற்றுவிட்டோம்’ என்பது வசதிக் குறைவு மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் பதறுகிறது. பாலத்தில் நின்ற அந்த நேரம் முழுவதும் பிள்ளைகளின் கையை நான் விடவே இல்லை. அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை, கடவுளுக்கு நன்றி. எத்தனை டிக்கெட் விற்றீர்கள் என்று பிறகு எழுத்தில் கேட்டேன். ‘வணிக ரகசியம்’ என்று பதில் வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களில் சிலரைப் பூங்கா நிரம்பிவிட்டது என்று வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், முறையாக வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும். பிறகு ‘வரையறுக்கப்பட்ட டிக்கெட்டுகள்’ என்ற வரம்பு எங்கே போனது?

வாணவேடிக்கை காற்று காரணமாக ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. அதை நான் புகாரில் சேர்க்கவில்லை.

பணம் செலவழிக்கும் முறையிலும் ஒரு பொறி இருந்தது. உள்ளே ரொக்கமோ வங்கி அட்டையோ செல்லாது. பூங்காவின் அட்டையை வாங்கி அதில் குறைந்தது 200 ராண்ட் ஏற்ற வேண்டும். மீதி இருந்தால் அன்றிரவோடு காலாவதியாகிவிடும் என்று அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இது நம் நாட்டுச் சட்டத்துக்கு நேர் எதிரானது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, முன்பணம் ஏற்றிய அட்டையோ வவுச்சரோ அதன் மதிப்பு முழுவதும் பயன்படுத்தப்படும்வரை, அல்லது 3 ஆண்டுவரை, இவற்றில் எது முன்னதோ அதுவரை செல்லும். செலவாகாத பணம் அட்டை வைத்திருப்பவரின் சொத்து. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதியதும் வாய்திறக்காமல் மீதியை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். கேட்காத எத்தனை குடும்பங்களின் ஐம்பதும் அறுபதும் அங்கேயே தங்கிவிட்டதோ!

மற்றவற்றுக்கு அவர்கள் முதலில் சொன்ன பதில்: ‘டிக்கெட் பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.’ இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு பொய்யான, திசைதிருப்பும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. 54ஆம் பிரிவு, சேவை தரக்குறைவாக இருந்தால் குறையைச் சரிசெய்யவோ, குறைக்கு ஏற்ற நியாயமான ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. குறிப்பிட்ட தேதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, இடமில்லை என்று கைவிரித்தால், 47ஆம் பிரிவின்படி முழுப் பணத்தையும் வட்டியோடு தர வேண்டும். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பிரிவு உங்களுக்குத்தான்.

முன்கூட்டியே ரத்து செய்பவர்களுக்கும் ஒரு செய்தி. இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தில் அந்தச் சலுகை உண்டு, ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது பொருந்தாது. அதற்குப் பதிலாக நுகர்வோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது: முன்பதிவை ரத்து செய்யலாம், நிறுவனம் நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும் அந்தக் கட்டணமும் கூடாது.

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். இனிமையாகப் பேசினார். மே மாதத்தில் பயன்படுத்த இலவச டிக்கெட் தருவதாகவும், அதை ஏற்றால் புகாரை முடித்துக்கொள்வதாக ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டேன். ஆளில்லாத மாதத்தில் காலியாகக் கிடக்கும் ராட்டினத்தில் ஏற்றுவதால் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. எனக்கோ மறுபடி பெட்ரோல், மறுபடி வாகன நிறுத்தக் கட்டணம், மறுபடி உள்ளே சாப்பாடு. அதன் பிறகுதான் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போனேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வங்கி அட்டையில் பணம் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடமும் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே நாள் கடத்தாதீர்கள். எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது, டிக்கெட் வாங்கிய அன்றே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து என் தம்பி வைத்திருந்ததுதான். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தப் பக்கத்தில் ‘எல்லா ராட்டினங்களும்’ என்பது ‘தேர்ந்தெடுத்த ராட்டினங்கள்’ என்று மாறிவிட்டது. மூடிய ரோலர் கோஸ்டரின் பலகையையும் பாலத்தின் நெரிசலையும்கூட மணியோடு படம் எடுத்திருந்தோம்.

எல்லா இரவு நிகழ்ச்சியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விளக்கு வெளிச்சத்தில் ராட்டினம் ஏறுவது போன்ற மகிழ்ச்சி வேறில்லை. நீங்கள் போக விரும்பினால், பணம் கட்டும் முன் பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: அன்றிரவு எந்தெந்த ராட்டினம் ஓடும், பகல் கூட்டத்தை எத்தனை மணிக்கு வெளியே அனுப்புவீர்கள், அதிகபட்சம் எத்தனை பேருக்கு டிக்கெட், மரக்கறி உணவும் நோயாளிகள் கொண்டுவரும் உணவும் உண்டா. தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். பதில் தராத இடத்துக்குப் போகாதீர்கள். பண்டிகை நாளுக்கு மறுநாள், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரநாள் போன்ற தேதிகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு உணவு எடுத்துப்போவதானால் மருத்துவரிடம் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி, பூங்காவின் அனுமதி மின்னஞ்சலோடு அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்கான ‘விளக்கு இரவு’ விளம்பரத்தை அதே பூங்கா இந்த வாரம் வெளியிட்டுவிட்டது. அதே ‘எல்லா ராட்டினங்களும்’, அதே ‘வரையறுக்கப்பட்ட டிக்கெட்டுகள்’. விலை மட்டும் 30 ராண்ட் கூடியிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் படமெடுத்துக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். டிசம்பர் 26 அன்று அங்கே இருந்தவர்கள் உங்கள் டிக்கெட்டையும் படங்களையும் வைத்துத் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.