இருபத்தைந்து வயதில் ரக்பிக்கு மாறினால்: செவன்ஸா, ஃபிப்டீன்ஸா?

கூடைப்பந்திலோ தடகளத்திலோ பத்து வருஷம் உழைத்து, தேசிய அணிக்கு ஒரு படி கீழே நின்றுபோன ஒரு பெண், ரக்பிக்கு மாறிச் சர்வதேச அளவில் ஆட முடியுமா? முடியும், பலர் ஆடியிருக்கிறார்கள். ஆனால் எந்த ரக்பி என்று யோசிக்காமல்தான் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) அமெரிக்கா வெண்கலம் வாங்கி, அந்த அணியின் இலோனா மாஹர் உலகம் முழுக்கப் பிரபலமான பிறகு மகளிர் ரக்பி என்றாலே செவன்ஸ் என்று ஆகிவிட்டது. (மாஹர் 17 வயதிலேயே ரக்பிக்கு வந்துவிட்டவர். இருபதுகளின் நடுவில் மாற நினைப்பவர்கள் அவரை உதாரணமாக எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.)

என் கணக்கு இது. வயது 23, 24க்குள் இருந்து, ஓட்டத்தில் நிஜமான வேகமும் இருந்தால் செவன்ஸ். மற்ற எல்லோருக்கும் ஃபிப்டீன்ஸ் (அணிக்குப் பதினைந்து பேர்), அதுவும் முன்வரிசை இடத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. செவன்ஸில் அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம், ஆனால் பதினைந்து பேர் ஆடும் அதே முழு மைதானம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம்கூட வரும். ஃபிப்டீன்ஸில் பாதிக்கு 40 நிமிஷம், ஸ்க்ரம்மில் எட்டுக்கு எட்டு பேர் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள் (செவன்ஸில் மூன்றுக்கு மூன்று; ஸ்க்ரம்மின் முதல் வரிசை மூவர்தான் முன்வரிசை, அதில் இரு ஓரத்து ஆட்கள் ப்ராப்), பந்து பக்கவாட்டில் வெளியே போனால் வரும் லைன்அவுட்டில் ஆளைத் தூக்கிப் பந்தைப் பிடிப்பார்கள், ஒரு ஆட்டம் முடிந்தால் உடம்பு தேற ஒரு வாரம் ஆகும்.

செவன்ஸின் பெரிய பலம், அங்கே ஆளைத் தேடி வந்தார்கள் என்பது. ரக்பி செவன்ஸை ஒலிம்பிக்கில் சேர்ப்பது என்று 2009இல் முடிவானது, முதல் போட்டி 2016 ரியோவில். அந்த ஏழு வருஷத்துக்குள் பதக்கம் வாங்கும் மகளிர் அணியைக் கட்ட வேண்டும் என்றால் பக்கத்து விளையாட்டுகளில் கை வைக்காமல் முடியாது. நியூசிலாந்து 2012இல் ‘கோ ஃபார் கோல்டு’ என்று முகாம்கள் நடத்தி, மற்ற விளையாட்டுப் பெண்களையும் வரச் சொன்னது. நெட்பாலில் (கூடைப்பந்து மாதிரி, ஆனால் பந்தோடு ஓடக் கூடாத ஆட்டம்) நார்தர்ன் மிஸ்டிக்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த போர்ஷியா உட்மன் அப்படி வந்தவர். ரியோவில் வெள்ளி, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம், நடுவில் 2017 ஃபிப்டீன்ஸ் உலகக் கோப்பையில் 13 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள்: அவருடைய அப்பாவும் அப்பாவின் சகோதரரும் நியூசிலாந்து ஆண்கள் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் வீரர்கள். ரக்பி பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கு ஆட்டம் ஓரளவு கண்ணில் பதிந்தே இருந்திருக்கும்.

அந்தப் பின்னணி இல்லாத ஒருவர் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் குளோயி டால்டனைப் பார்க்கலாம். அந்நாட்டு மகளிர் கூடைப்பந்து லீகில் ஆடியவர், 2014இல் செவன்ஸுக்கு மாறினார், இரண்டே வருஷத்தில் ரியோ இறுதியில் நியூசிலாந்தை 24-17 என்று வென்ற அணியில் இருந்தார். அமெரிக்காவின் அலெவ் கெல்டர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கால்பந்து, ஐஸ் ஹாக்கி இரண்டும் ஆடிவிட்டு, படிப்பு முடித்த பிறகுதான் ரக்பிக்கு வந்தார். மூன்று ஒலிம்பிக் ஆடிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்றால், செவன்ஸில் ஸ்க்ரம், லைன்அவுட் நுணுக்கம் குறைவு, வெட்டவெளி அதிகம், வேகமும் பந்து பிடிக்கும் கையும் இருந்தால் மீதியைக் கற்றுக்கொண்டே ஆடலாம்.

ஆனால் அந்தக் காலம் வேறு. அன்றைக்கு எல்லா நாடும் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்து தொடங்கின. இன்று பள்ளியிலேயே ரக்பி ஆடி வரும் பெண்களோடு மோத வேண்டும். இடமும் சுருங்குகிறது: உலகத் தொடரின் மேல்நிலைப் பிரிவில் மகளிர் அணிகள் 12 ஆக இருந்தன, 2025-26 பருவத்தில் எட்டாகக் குறைத்துவிட்டார்கள். அதே நேரத்தில் ஃபிப்டீன்ஸ் உலகக் கோப்பை 2025இல் 12 அணியில் இருந்து 16 ஆக விரிந்தது, லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டிக்கு 80,000க்கு மேல் கூட்டம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

இப்போது ஃபிப்டீன்ஸ் பக்கம் போன என் கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். ஷானா பிரவுன் சங்கிலிக்குண்டு எறிபவர், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காக எறிந்தவர். அதன் பிறகு, இருபத்தைந்தை ஒட்டிய வயதில் ரக்பியைத் தொட்டு, 2017 நவம்பரில் இங்கிலாந்துக்காக ப்ராப் இடத்தில் ஆடிவிட்டார். தீயணைப்பு வீரராகவும் வேலை பார்த்தவர் அவர். 2019 தொடக்கத்தில் இங்கிலாந்து 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தபோது அந்தப் பட்டியலில் இருந்தார். அயர்லாந்தின் லிண்ட்சே பீட் இன்னும் ஆச்சரியம். கூடைப்பந்தில் தேசிய அணித் தலைவி, கேலிக் கால்பந்தில் (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து வகை) டப்ளினுடன் 2010இல் அகில அயர்லாந்துக் கோப்பை, அதற்கெல்லாம் பிறகு 2015இல் ரக்பி கிளப்பில் சேர்ந்து அதே ஆண்டு நவம்பரில் நாட்டுக்காக ஆடினார். அப்போது வயது 35ஐ ஒட்டி! நாற்பது தாண்டியும் ப்ராப்பாக ஆடினார். செவன்ஸில் இது கற்பனைக்கே வராது.

காரணம் எளிது. ஃபிப்டீன்ஸ் ஆட்டத்துக்கு 23 பேர் வேண்டும், அதில் ஆறு பேர் முன்வரிசைக்காரர்களாக இருந்தாக வேண்டும், மாற்று ஆட்களிலேயே மூன்று. ப்ராப்புக்குத் தேவை தொடையிலும் இடுப்பிலும் பலம், கழுத்து, பொறுமை. இவை இருபத்தெட்டு முப்பதில் கூடும், வேகம் மாதிரி கரையாது. பள்ளியில் ஓடி விளையாடும் பெண்கள் பெரும்பாலும் விங்கில் (மைதான ஓரத்தில் வேகமாக ஓடும் இடம்) ஆடத்தான் ஆசைப்படுவார்கள், ப்ராப் ஆக வேண்டும் என்று கனவு காண்பவர்கள் அரிது, ஆகவே வரிசை சிறியது. ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரம் வெறும் பலம் கிடையாது, கோணமும் கால் வைப்பும் பிடியும் சேர்ந்த வித்தை. அதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் கிளப்பாகப் பார்த்துச் சேர வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துதான் விலை.

எந்த விளையாட்டில் இருந்து வருகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். நெட்பால்காரர்களுக்குக் கை அருமையாக இருக்கும், ஆனால் பந்து கையில் வந்ததும் நிற்பது ஊறிப்போன பழக்கம், அதை உடைக்க நாளாகும். கூடைப்பந்துக்காரர்கள் உயரத்தில் பந்தைப் பறிப்பதால் செவன்ஸ் கிக்-ஆஃப்பில் தங்கம். ஓட்டக்காரர்கள் நேர்கோட்டில் மின்னல்தான், ஆனால் விழுந்து எழுந்து உடனே மறுபடி ஓடச் சொன்னால் திணறுவார்கள். டச் (ஆளை விழுத்தாமல் தொட்டாலே போதும் என்று ஆடும் ரக்பி வகை) ஆடியவர்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே தொடங்குவார்கள். ரியோவில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலிய அணியின் ஷார்லட் காஸ்லிக், எமிலி செர்ரி இருவரும் அங்கிருந்து வந்தவர்கள். எறிபவர்கள், எடை தூக்குபவர்கள்? நேராக முன்வரிசை, வேறு பேச்சே வேண்டாம்.

டேக்கிள்தான் (பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது) எல்லோருக்கும் பொதுவான சுவர், தேர்வு முகாமில் ஸ்டாப்வாட்ச் அதை அளக்காது. கபடியில் ஓடி வரும் ஆளின் காலைக் கட்டிப் பிடித்துப் பழகியவருக்கு அந்தப் பயம் பாதி போயிருக்கும், மற்றவர்கள் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். இங்கே செவன்ஸ் கொஞ்சம் கொடுமை: பக்கத்தில் ஆள் இருக்காது, நீங்கள் விட்டால் ட்ரை. ஃபிப்டீன்ஸில் நெருக்கமான இடத்தில், இரண்டு பேர் துணையோடு, குறைந்த வேகத்தில் வரும் ஆளைத் தடுத்துப் பழகலாம். தலை அடி, முழங்கால் தசைநார் கிழிவு இரண்டிலும் உண்டு, அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

வேலையை விடலாமா என்பது அடுத்தது. செவன்ஸ் அணிகளில் பல ஒரே இடத்தில் தங்கிப் பயிற்சி எடுப்பவை, அமெரிக்க அணி கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் இருந்தது மாதிரி. ஊரை மாற்ற வேண்டும், வேலையை விட வேண்டும், பன்னிரண்டு பேர் கொண்ட ஒலிம்பிக் பட்டியலில் பெயர் வரவில்லை என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஃபிப்டீன்ஸ் கிளப்பில் வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம், சம்பள வேலையை வைத்துக்கொண்டே முதல் இரண்டு வருஷத்தை ஓட்டலாம். சம்பளம் வாங்கும் அளவுக்கு மேலே போவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு: வயது 26, வேகம் நல்ல வேகம்தான் ஆனால் அசரவைக்காது, உடம்பு ப்ராப் உடம்பும் இல்லை. இவர்கள் பருவம் முழுக்க ஃபிப்டீன்ஸ் கிளப்பில் விங்கோ, ஸ்க்ரம்மின் பின்வரிசையில் ஃபார்வர்டோ ஆடிவிட்டு, கோடையில் செவன்ஸ் போட்டிகளுக்குப் போவது நல்லது. கெல்டர் இரண்டையும் உச்ச அளவில் ஆடினார், 2017, 2022, 2025 என்று மூன்று ஃபிப்டீன்ஸ் உலகக் கோப்பையிலும் அவர் உண்டு. தேர்வு முகாம் ஏதாவது அறிவித்தால் அதற்கும் போய் ஓடிவிட்டு வாருங்கள், ஒரு நாள் விடுமுறைதான் செலவு. கிளப் பயிற்சியை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.