புல்லை அவிக்கும் பெட்டி: ஆஸ்துமா குதிரைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் குதிரைக்குப் போடும் காய்ந்த புல்லை ஆவியில் அவிக்கும் இந்தப் பெட்டியின் (ஹே ஸ்டீமர்) மூடியில் ஒட்டியிருக்கும் காரணத்துக்காக இல்லை. 'பூஞ்சையை முற்றிலும் கொல்கிறது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கொல்லட்டும், குதிரையின் உடம்புக்கு அது செத்ததா உயிரோடு இருக்கிறதா என்பது பெரிய விஷயமே இல்லை. பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, இந்த வகைப் பெட்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான்.

யாருக்காக வாங்கினோம் என்பதை முதலில் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு லிவரி யார்டில் (காசு கொடுத்துக் குதிரையை விட்டுவைக்கும் லாயம்) நானும் ஒரு தோழியும் செலவைப் பங்கு போட்டு வளர்க்கும் பெண் குதிரை, நடுவயதைத் தாண்டியவள். குளிர்காலத்தில் பெரும்பாலும் லாயத்துக்குள்தான். காய்ந்த புல்லில் வாய் வைத்ததும் இருமல், மூக்கில் சளி, சும்மா நிற்கும்போதே வயிற்றை எக்கி எக்கி மூச்சை வெளியே தள்ளுவது. ஓய்வில் இருக்கும் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடும், இவள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். மருத்துவர் நுரையீரலுக்குள் குழாய் விட்டு, உப்புநீரால் கழுவி எடுத்த திரவத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்ல குதிரைக்கு அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 5 சதவீதத்துக்கு மேல் இருக்காது, 25-ஐத் தாண்டினால் கடுமையான ஆஸ்துமா என்பார்கள். இவளுக்குத் தாண்டியிருந்தது.

மனிதர்களுக்கு வரும் ஒவ்வாமை ஆஸ்துமாவில் பெரும்பாலும் இயோசினோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதமும்தான் முன்னால் நிற்கும். குதிரையின் கடுமையான ஆஸ்துமாவில் நியூட்ரோஃபில்தான் ராஜா. ஐஜிஇக்கு எவ்வளவு பங்கு, உதவி டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களில் இரண்டாம் வகை காரணமா பதினேழாம் வகை காரணமா, இரண்டும் கலந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். (அதனால்தான் ரத்தத்தில் ஐஜிஇயைப் பார்த்து 'உங்கள் குதிரைக்கு இன்னின்ன ஒவ்வாமை' என்று பட்டியல் தரும் டெஸ்டுக்கு இந்த நோயில் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.) ஆனால் தூசி உள்ளே போன 4 முதல் 6 மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் காற்றுக்குழாய்க்குள் கும்பலாக இறங்குகின்றன என்பதில் சண்டை இல்லை. இறங்கியவை வெளியேற்றும் நொதிகளாலும் அழற்சிப் பொருட்களாலும் சளி கெட்டியாகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் அந்தத் தசை தடித்தே போய்விடுகிறது. பக்கத்து அறைக் குதிரை அதே புல்லைத் தின்றுவிட்டு ஜம்மென்று நிற்கும், ஏனென்றால் இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

சரி, அந்தத் தூசியில் என்ன இருக்கிறது? ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரிப் பூஞ்சைகளின் வித்துகள், சூடேறிய புல்கட்டுகளில் வளரும் ஆக்டினோமைசீட் பாக்டீரியாக்கள், பூச்சித் துகள்கள், அப்புறம் பாக்டீரியாவின் மேல்சுவர்ப் பொருளான எண்டோடாக்சின். உடம்பின் தற்காப்பு அணுக்களில், எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்க டிஎல்ஆர்-4 என்ற வாங்கியும், பூஞ்சைச் சுவரில் உள்ள பீட்டா குளுக்கானைக் கண்டுபிடிக்க டெக்டின்-1 என்ற வாங்கியும் இருக்கின்றன. இரண்டும் பார்ப்பது சுவரைத்தான், உள்ளே உயிர் இருக்கிறதா என்று கேட்பதில்லை. எண்டோடாக்சின் கொதிநீருக்கெல்லாம் அசராது. ஆகவே 100 டிகிரி ஆவியில் பூஞ்சை செத்துவிட்டது என்பது பாதிக் கதைதான்.

பெட்டி உண்மையில் செய்யும் நல்ல காரியம், தூசியை ஈரமாக்கிப் புல்லோடு ஒட்ட வைப்பது. பறக்காத தூசி நுரையீரலுக்குப் போகாது, வயிற்றுக்குப் போய்விடும். இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. இட்லிப் பானை மாதிரிதான் விஷயம்: கீழே கொதிகலன், குழாய் வழியாக ஆவி, அடித்தட்டில் ஓட்டையுள்ள இரும்பு முட்கள் புல்கட்டைக் குத்திக்கொண்டு நடுவிலிருந்தே ஆவியை விடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிறது. திறந்தால் வாசனை வேறு நன்றாக இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் இப்போது புல் வலையை முட்டி முட்டித் தின்கிறாள். நாங்கள் ஈரம் காயும் முன்பே போட்டுவிடுகிறோம், மறுநாளைக்கு வைப்பதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மூடியின் ரப்பர் பட்டை சீக்கிரமே தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தது, கட்டின் நடுப்பகுதி சூடாகாமல் வெதுவெதுப்பாகவே நின்றது, இது ஆபத்து, ஏனென்றால் அரைகுறைச் சூட்டில் பாக்டீரியா குறைவதற்குப் பதில் பெருகும். (குப்பைத் தொட்டியில் கெட்டில் குழாயைச் செருகிச் செய்யும் வீட்டு வைத்தியத்திலும் இதே சிக்கல்தான், தண்ணீரில் ஊறப்போடுவதிலும் பாக்டீரியா ஏறும், சத்தும் கரைந்து போகும்.) மாற்றுப் பட்டை கேட்டதற்கு விற்றவர்கள் ஆற அமரத்தான் பதில் போட்டார்கள். மூடியில் இருக்கும் வெப்பமானியை நம்பாமல் நீளக் கம்பி வைத்த ஒன்றைத் தனியாக வாங்கிக் கட்டின் நடுவில் குத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் கொதிகலனில் சுண்ணாம்பு படியும், அடியில் தேங்கும் பழுப்புத் தண்ணீரைத் தினமும் கொட்டாவிட்டால் நாறும்.

இருமல் நன்றாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. பெட்டியோடு சேர்த்து வைக்கோல் படுக்கையை எடுத்துவிட்டு மரச்சீவல் போட்டோம், ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருந்தது, எனவே எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்து அறைக்காரர் உலர்ந்த புல்கட்டை உதறும் நேரத்தில் இவளை வெளியே கொண்டுபோய்விட வேண்டியிருக்கிறது, லாயம் முழுக்க ஒரே காற்றுதானே.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வருஷம் முழுக்க மேய்ச்சலில் விட இடம் இருப்பவர்களும், ஈரப்பதத்தோடு உறையில் கட்டிய ஹேலேஜ் நியாய விலைக்குக் கிடைப்பவர்களும் இதை வாங்க வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரப்பர் பட்டை இரண்டு உபரியாகக் கேட்டு வாங்குங்கள்.