உரியாவின் பேச்சை விழுங்கிய ஆப்: நாலு வருட அனுபவம்

"மச்சான், அம்மாவுக்கு வாசகம் வாசிக்க ஒரு ஆப் வச்சிருக்கியே, நல்லா இருக்கா? போட்டுக்கவா?" என்று மஸ்கட்டிலிருந்து நண்பன் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இந்த ஜனவரிக்கு முன்னால் கேட்டிருந்தால் "கண்ணை மூடிட்டுப் போடுடா" என்று சொல்லியிருப்பேன்.

கத்தோலிக்கப் பூசையில் அந்தந்த நாளுக்குக் குறித்த பைபிள் பகுதிகளைத் தருகிற ஆப் இது. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி, கீழே ஒரு சிந்தனை, கடைசியில் சின்னதாக ஒரு செபம். எல்லா ஆப்பிலும் இதேதான், அதை விளக்கப் போவதில்லை. இதில் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கலாம், நெட் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்து வாசகம் உள்ளே இருக்கும். முதல் வருடம் பதிலுரைப் பாடலுக்கும் நற்செய்திக்கும் நடுவில் நகைக்கடன் விளம்பரம் வந்து உயிரை வாங்கியது. 299 ரூபாய் கட்டினேன், ஒழிந்தது. சிந்தனைப் பகுதி பாதி நாள் "ஓர் ஊரில் ஓர் அரசன்" என்றுதான் ஆரம்பிக்கும். அரசன் வந்ததுமே அம்மா, "கதைய விடு, செபத்தச் சொல்லு" என்பாள்.

அம்மாவுக்கு வயது 78. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சின்ன எழுத்து தெரிவதில்லை. காலை ஐந்தரைக்குக் காபியை ஆற்றிக்கொண்டே நான் வாசிக்க, அவள் கேட்பாள். இந்த வழக்கம் நாலு வருடமாக விட்டுப்போகவில்லை என்றால் அதற்குக் காரணம் நானல்ல, ஐந்தேகாலுக்கு அந்த ஆப் அடிக்கிற மணிதான். பொதுக்காலத்தில், அதாவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற விழாக்காலங்கள் போக மீதி நாட்களில், வார நாள் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்றில் வரும், ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று. நற்செய்தி மட்டும் ஆண்டுதோறும் அதேதான்: மாற்கு நற்செய்தியில் தொடங்கி, மத்தேயு வழியாக லூக்காவில் முடியும். பொங்கலை ஒட்டி மாற்கு ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் புது வருடம் பிறந்த மாதிரி.

இந்த ஜனவரியில் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. கடைக்காரர் ஒரிஜினல் வர ஒரு வாரம் ஆகும் என்றார், ஒன்பது நாள் ஆனது. அலமாரியிலிருந்த அப்பாவின் திருவிவிலியத்தை, பைபிளைத்தான், தூசு தட்டி எடுத்தேன். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, முதுகு பிய்ந்து செலோடேப் ஒட்டியது. ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. அடுக்களையில் தொங்கும் காலண்டரில் '2 சாமு 11', அதாவது சாமுவேல் இரண்டாம் நூல் 11-ஆம் அதிகாரம், என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வரிசையாக வாசித்தேன்.

அரசன் தாவீது, அடுத்தவன் மனைவி பத்சேபா கதை. தாவீதால் அவள் கருவுற்றதும், அதை மறைக்க தாவீது போர்க்களத்திலிருந்து அவள் கணவன் உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போ என்கிறான். உரியா போகாமல் அரண்மனை வாசலிலேயே படுத்துவிடுகிறான். ஏன் போகவில்லை என்று அரசன் கேட்க, பதினோராம் வசனத்தில் அவன் பதில் சொல்கிறான்: கடவுளின் பேழையும் இஸ்ரயேலும் யூதாவும் கூடாரத்தில் கிடக்கின்றன, என் தலைவரும் வீரரும் வெட்டவெளியில் கிடக்கிறார்கள், நான் மட்டும் வீட்டுக்குப் போய் உண்டு குடித்து மனைவியோடு படுப்பேனா?

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "எய்யா, அத இன்னொரு தடவ வாசி." வாசித்தேன். "இத்தன வருசமா பூசைக்குப் போறேன், இந்த மனுசன் பேசி நான் கேட்டதே இல்லையே."

போன் வந்ததும் முதல் வேலையாக அந்தத் தேதியைத் திறந்தேன். மேலே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: 11: 1-4அ, 5-10அ, 13-17. அதாவது 10-இன் பின்பாதியும் 11, 12-உம் இல்லை. உரியா வீட்டுக்குப் போகவில்லை என்று தாவீதிடம் சொல்கிறார்கள், அடுத்த வரியிலேயே தாவீது அவனுக்கு விருந்து வைத்துக் குடிக்கக் கொடுக்கிறான். நடுவில் புள்ளியில்லை, கோடில்லை, ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை. அந்த அதிகாரத்தில் உரியா வாய் திறப்பது அந்த ஒரு வசனத்தில்தான். அதுதான் போயிருக்கிறது. 2022-இல் இதே வாசகத்தை இதே ஆப்பில் அம்மாவுக்கு நான் வாசித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் வெட்டியது ஆப் இல்லை. பூசையில் எந்த நாள் எதை வாசிப்பது என்ற திருச்சபையின் வாசக ஒழுங்கே அப்படித்தான், அது 1969-லிருந்து இருக்கிறது. காலைப் பூசை முடிந்து ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டத்துக்கு முழு அதிகாரத்தையும் வாசித்துக்கொண்டிருக்க முடியாது, சரி. குருக்களும் கன்னியரும் தினமும் வேளைக்கு வேளை சொல்லும் திருப்புகழ்மாலை என்ற செபத்திலேயே 58, 83, 109 என்று மூன்று திருப்பாடல்களை முழுசாக விட்டிருக்கிறார்கள். அவை சாபம் கேட்கிற பாடல்கள், காரணம் புரிகிறது. உரியா யாரைச் சபித்தான்? விட்டுப்போன அந்த மூன்று வசனத்தை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஆனால் ஆப்புக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்? விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம். 'முழு அதிகாரம்' என்று ஒரு பட்டன் வைக்கலாம். இரண்டு மெயில் போட்டேன். "திருவழிபாட்டு ஒழுங்கின்படியே வழங்குகிறோம், இறை ஆசீர்" என்று ஒரு பதில் வந்தது. 'ஓர் ஊரில் ஓர் அரசன்' கதையும் திருவழிபாட்டு ஒழுங்கில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். டிசம்பர் 17-ஆம் தேதி, அது ஞாயிறாக இல்லாவிட்டால், மத்தேயு நற்செய்தியிலுள்ள இயேசுவின் தலைமுறைப் பட்டியல் வரும், 17 வசனமும் வெட்டில்லாமல். முன்பெல்லாம் அதை வேகமாக ஓட்டிவிடுவேன். கோபத்தில் பழைய தேதிகளைக் கிண்டிக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. தாவீதுக்கு சாலமோன் பிறந்த இடத்தில் பத்சேபாவின் பெயர் இல்லை, 'உரியாவின் மனைவி' என்றுதான் இருக்கிறது. பேச்சைத் தொலைத்தவனின் பெயர் இயேசுவின் பட்டியலில் நிற்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "அவள் பேர ஏன் விட்டாங்க?" என்று அடுத்த வழக்கைத் தொடங்கிவிட்டாள்.

ஆக, மச்சான், ஐந்துக்கு இரண்டு. நீ இதைப் போடாதே, வாசக எண்ணைக் காலண்டரில் பார், வீட்டு பைபிளை எடுத்து வாசி. எனக்கு போன வாரம் சந்தா முடிந்தது, புதுப்பித்துவிட்டேன். அந்த மணி அடிக்காவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன்.