பதினோரு ஆண்டுகளாக ஓபர்ஹைம் மேட்ரிக்ஸ்-1000

என் ரேக்கின் அடித்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உயரம் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. முகப்பில் மூன்று இலக்கங்கள் ஒளிரும் ஒரு சிறு திரை, கால்குலேட்டரில் இருப்பதுபோல எண் பொத்தான்கள், அவ்வளவுதான். விசைகள் கிடையாது. ஒலியை மாற்ற ஒரு குமிழ்கூடக் கிடையாது. முதன்முதலில் பார்ப்பவர்கள் இதை ஏதோ மோடம் என்றே நினைப்பார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் கருவிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கொஞ்சமும் யோசிக்காமல் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஓபர்ஹைம் மேட்ரிக்ஸ்-1000. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் ஒரு சின்தசைசர். 2014இல் டொராண்டோவில் பழைய கருவிகள் விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். “அது வெறும் ப்ரீசெட் பெட்டி. சத்தம் நல்லா இருக்கும், வேறொன்றும் எதிர்பார்க்காதீர்கள்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. முதல் ஒரு வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

காரணம் அந்தப் பெயர். ஆயிரம் ஒலிகள். அவற்றில் 800 மாற்ற முடியாதபடி உள்ளேயே பதித்தவை. மீதி 200 இடங்களில் நாம் நம்முடையதைச் சேமிக்கலாம். வாங்கியவர் என்ன செய்வார்? 000 தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். நூறு நல்ல ஒலி கிடைக்கும், நூறு ஒன்றுபோலவே இருக்கும், மணிச்சத்தமும் விண்கலச் சத்தமுமாக இன்னொரு நூறு வரும். ஒரு மாதத்தில் சலிப்புத் தட்டிவிடும். அப்புறம் விற்றுவிடுவார். இந்தக் கருவி கை மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முகப்பிலிருந்து ஒரு ஒலியின் உள்ளே போக வழி இல்லாததால், உள்ளே ஒரு முழுச் சின்தசைசர் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இது வந்த காலமும் இதற்கு உதவவில்லை. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்த பிறகு உலகமே டிஜிட்டல் பக்கம் திரும்பிவிட்டது. 1987இல் ரோலண்ட் டி-50, 1988இல் கோர்க் எம்1. உண்மையான பியானோ, உண்மையான புல்லாங்குழல் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த அந்த 1988இல்தான் மேட்ரிக்ஸ்-1000 சந்தைக்கு வந்தது. டாம் ஓபர்ஹைம் அதற்குள் தன் பெயர் தாங்கிய நிறுவனத்தை விட்டே போய்விட்டார். 1985இலேயே நிறுவனம் கை மாறியிருந்தது. ஆகவே, ஓபர்ஹைம் வரலாற்றை எழுதுபவர்கள் ஓபி-எக்ஸ், ஓபி-8, எக்ஸ்பாண்டர், மேட்ரிக்ஸ்-12 என்று விரிவாகச் சொல்லிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மேட்ரிக்ஸ்-12ஐ மாபெரும் கருவியாக்கிய அந்தச் சிந்தனையில் பெரும்பகுதி இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

இனி உள்ளே போவோம்.

ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள். ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு ஆசிலேட்டர், ஒரு 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டர், மூன்று என்வலப், இரண்டு எல்எஃப்ஓ, இரண்டு ராம்ப் ஜெனரேட்டர். ஆசிலேட்டர் ஒலி அலையை உருவாக்கும், லோ-பாஸ் ஃபில்டர் அதன் மேல் அதிர்வெண்களை வெட்டும், என்வலப் ஒலி எழுந்து தேயும் வடிவத்தைத் தரும், எல்எஃப்ஓ மெதுவாக ஆடி மற்றவற்றை அசைக்கும், ராம்ப் ஒரு மதிப்பைச் சீராக ஏற்றும். குரலுக்கு ஒன்றாகச் சிஇஎம்3396 என்ற கர்ட்டிஸ் சில்லு. அலை வடிவமும் ஃபில்டரும் ஒலி அளவும் அந்த ஒரே சில்லுக்குள் நடக்கின்றன. இதே குரல் அமைப்புதான் 1986இல் வந்த மேட்ரிக்ஸ்-6 கீபோர்டிலும் இருந்தது.

இதன் ஆசிலேட்டர்கள் டிசிஓ வகை, அதாவது டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தப்படுபவை. உடனே “அப்படியானால் இது முழு அனலாக் இல்லையே” என்பார்கள். பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சு இது. டிசிஓவில் டிஜிட்டலாக இருப்பது சுருதியைத் தீர்மானிக்கும் கடிகாரத் துடிப்பு மட்டுமே. அந்தத் துடிப்புக்கு ஏற்ப அலை உருவாவது, ஃபில்டருக்குள் போவது, வெளியே வருவது எல்லாமே மின்னழுத்தமாகத்தான். இந்த அமைப்பால் ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. பழைய ஓபர்ஹைம்களைப் போல அரைமணி நேரம் சூடேறவிட்டு, டியூன் பொத்தானை அமுக்கி, மறுபடி அமுக்கி என்ற தொல்லையே இல்லை. சுவிட்சைப் போட்டதும் சுருதி நிற்கும். கர்நாடக இசையோடு பழகிய காது எனக்கு. ஆதார ஷட்ஜம் ஒரு இழைகூட நகராமல் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். நகர்வு வேண்டுமென்றால் எங்கே, எவ்வளவு என்பதை நானே வைத்துக்கொள்கிறேன்.

அப்படி வைத்துக்கொள்ளும் வசதிதான் மேட்ரிக்ஸ் மாடுலேஷன். இந்தக் கருவியின் உயிர் அதில் இருக்கிறது. அசைக்கும் மூலங்கள் 20, அசைக்கப்படும் சேருமிடங்கள் 32, ஒரு பேட்சுக்கு, அதாவது சேமித்த ஒரு ஒலி அமைப்புக்கு, பத்து இணைப்புகள். எந்த மூலத்தையும் எந்த இடத்தோடும் இணைக்கலாம். இதுபோக, மாறாத சில இணைப்புகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. எண்ணிக்கையாகச் சொன்னால் இது புரியாது. நான் செய்த மூன்று பேட்சுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, விசையை விடும் வேகம். விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைப் பல கருவிகள் கவனிக்கும். எவ்வளவு வேகமாக விடுகிறோம் என்பதையும் இது கவனிக்கும். அந்த மூலத்தை எதிர்மறை அளவில் இரண்டாம் என்வலப்பின் ரிலீசோடு, அதாவது விசையை விட்டபின் ஒலி தேயும் நேரத்தோடு, இணைத்தேன். விரலை வெடுக்கென்று எடுத்தால் ஒலி அங்கேயே நிற்கும். மெதுவாக விட்டால் நீண்டு தேயும். பெடலைத் தொடாமலே ஒரே வாசிப்பில் சில சுரங்களை நறுக்கவும் சிலவற்றை மிதக்கவிடவும் முடிந்தது. இதற்கு, மிடி என்ற இணைப்பு வழியாக இந்தப் பெட்டிக்கு விடும் வேகத்தையும் அனுப்பத் தெரிந்த கீபோர்டு வேண்டும். எல்லாக் கீபோர்டும் அனுப்பாது. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீணையில் ஒரு சுரத்துக்குக் கீழிருந்து கம்பியை இழுத்து ஏறும் அந்த அசைவு. முதல் ஆசிலேட்டரை நேராக வைத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் ஒரு ராம்ப் மூலம் சற்றுக் கீழிருந்து ஏற விட்டேன். சுரம் தொடங்கும்போது இரண்டும் உரசி அதிர்ந்துவிட்டு, அரை நொடியில் ஒன்றாகச் சேரும். அதை வீணை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது என் நோக்கமும் இல்லை. ஆனால் அந்தச் சேரும் கணம் இருக்கிறதே, அதற்காகவே மணிக்கணக்கில் வாசித்திருக்கிறேன்.

மூன்றாவது, நான் தினமும் பயன்படுத்துவது: ஒரு சுருதி ஒலி. சா, பா, மேல் சா மூன்றையும் பிடித்து வைக்க வேண்டியதுதான். இரண்டாம் எல்எஃப்ஓ, ஃபில்டர் வெட்டத் தொடங்கும் எல்லையான கட்-ஆஃப்பையும் அந்த எல்லையில் ஒலியை முனைப்பாக்கும் ரெசனன்ஸையும் மெதுவாக அசைக்கும். அந்த எல்எஃப்ஓவின் வேகம் விசையின் உயரத்தைப் பொறுத்து மாறும்படி அமைக்கலாம். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி எல்எஃப்ஓ இருப்பதால் கீழ் சா நிதானமாகத் திறந்து மூடும், பா இன்னும் கொஞ்சம் வேகமாக, மேல் சா அதைவிட வேகமாக. மூன்றும் ஒருபோதும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. தம்பூராவில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூல் சரியாக அமைந்த தருணத்தில் நாதம் உள்ளுக்குள் விரியுமே, அதற்கு மிக அருகில் வந்த சின்தசைசர் ஒலி என் அனுபவத்தில் இதுதான். காலையில் இதைப் போட்டுவிட்டுத்தான் பாடிப் பழகுகிறேன்.

இன்னும் டிராக்கிங் ஜெனரேட்டர் இருக்கிறது. ஒரு மூலத்தை ஐந்து புள்ளிகள் வழியாக வளைத்து வேறு வடிவமாக்கித் தரும். மெல்ல வாசித்தால் ஃபில்டர் அசையவே கூடாது, பாதிக்கு மேல் அழுத்தினால் மட்டும் சட்டென்று திறக்க வேண்டும் என்றால் இதில் முடியும். முதல் ஆசிலேட்டரால் ஃபில்டரையே அதிர வைக்கும் எஃப்எம் வசதியும் உண்டு. அதைக் கொஞ்சமாகச் சேர்த்தால் ஒலியில் உலோகத்தின் கரகரப்பு வரும். யூனிசனில் ஆறு குரலும் ஒரே சுரத்தில் இறங்கும்போது வரும் கனத்தைப் பற்றி நான் சொல்வதைவிட நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

சரி, குறைகளுக்கு வருவோம். இருக்கின்றன.

எடிட்டர் இல்லாமல் இந்தக் கருவிக்குள் நுழைய முடியாது. கணினியில் ஒரு எடிட்டர் மென்பொருள் கட்டாயம். பின்னாளில் வைரஸ் சின்தசைசரால் பெயர் பெற்ற ஜெர்மனியின் அக்சஸ் நிறுவனம், தொடக்கத்தில் மேட்ரிக்ஸுக்கென்றே குமிழ்கள் நிறைந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்திருக்கிறது. தேவை அவ்வளவு இருந்திருக்கிறது. நான் மென்பொருளோடு நின்றுவிட்டேன்.

மென்பொருள் இருந்தும் முதல் சில வருடங்கள் சிரமப்பட்டேன். உள்ளே இருப்பது 8-பிட் 6809 செயலி. என்வலப், எல்எஃப்ஓ, ராம்ப் எல்லாவற்றையும் ஆறு குரலுக்கும் அதுவே கணக்கிட்டாக வேண்டும். மென்பொருளில் ஒரு குமிழைத் திருப்பினால் கட்டளைகள் குவிந்து, ஒலி தயங்கித் தயங்கி மாறும். பிறகு ஆர்வலர்கள் எழுதிய புதிய ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் உள் நிரலை, ஈப்ராம் என்ற நினைவகச் சில்லில் பதித்து மாட்டினேன். அதே செயலிதான், நிரலைச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். வித்தியாசம் பிரமிப்பாக இருந்தது. கட்-ஆஃப்பைத் திருப்பினால் கூடவே வருகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெட்டிக்காகச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து நிரல் எழுதிய அந்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

அப்படியும் என்வலப்பின் கூர்மை ஒரு எல்லைக்கு மேல் போகாது. அறைந்தாற்போல் தொடங்கும் தாள ஒலிக்கும், துள்ளும் பேஸுக்கும் நான் வேறு கருவிக்குத்தான் போகிறேன். லோ-பாஸ் தவிர வேறு ஃபில்டர் வகை கிடையாது. மேட்ரிக்ஸ்-12இல் 15 வகை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பேட்ச் மட்டுமே, வெளியீடும் மோனோ ஒன்றுதான். மோனோ என்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஒரு ஸ்டீரியோ கோரஸ் பெடலில் கொடுத்துவிட்டால் அறை நிறைந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் 200 பேட்சுகளைக் காத்து நிற்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. எனக்கு ஆறாவது வருடம் அது தீர்ந்தது. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் செய்த எதையும் நான் கணினிக்கு எடுத்து வைத்திருக்கவில்லை. ஒரு காலையில் போட்டபோது 000 முதல் 199 வரை எல்லாம் குப்பையாக இருந்தது. மேலே சொன்ன சுருதி ஒலியின் முதல் வடிவம் அதில்தான் போனது. நினைவிலிருந்து மறுபடி கட்ட மூன்று வாரம் பிடித்தது. பேட்டரியை மாற்றும்போது, பற்றவைக்காமல் சொருகும் வகை ஹோல்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். பேட்ச் டம்ப், அதாவது பேட்சுகளைக் கணினிக்கு நகலெடுப்பது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒன்பதாவது வருடம் இன்னொன்று. ஆறு சுரத்துக்கு ஒருமுறை ஒரு சுரம் மட்டும் மூக்கடைத்ததுபோல் வந்தது. குரல்கள் வரிசையாகச் சுற்றும் ரொட்டேட் முறையில் வைத்து ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி எண்ணியதில், எப்போதும் நான்காவதுதான். அந்தக் குரலின் 3396 போயிருந்தது. பழுது பார்ப்பவர் ஒரு பழைய சில்லைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். பழைய கருவி வாங்கச் செல்லும்போது இந்தச் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். ரொட்டேட், ஒரே விசை, பன்னிரண்டு முறை. இரண்டு சுற்றிலும் ஒலி ஒன்றுபோல இருந்தால் ஆறு குரலும் நலம்.

பதினோரு வருடத்தில் எனக்குத் தீராத ஒரே ஏக்கம், ஆறு குரல் போதாமை. நீண்டு தேயும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் இரண்டு கை நிறையக் கோர்டு பிடித்து அடுத்த கோர்டுக்கு நகர்ந்தால், முந்தையதன் வால் பாதியில் வெட்டுப்படும். அந்த இடத்துக்காகவே பல மெட்டுகளை மாற்றி எழுதியிருக்கிறேன். பல பெட்டிகளைச் சேர்த்து ஒரே கருவிபோல் இயக்கும் குரூப் வசதி இதில் உண்டு என்பது கையேட்டில் படித்ததுதான். போன மாதம் வெள்ளை நிறத்தில் இன்னொரு மேட்ரிக்ஸ்-1000 கிடைத்தது. கறுப்பின் மேலேயே அதை மாட்டி, ஒரு மிடி கேபிளால் இணைத்து, பழைய ஸ்ட்ரிங்ஸ் பேட்சை இரண்டிலும் ஏற்றினேன். மாற்றி எழுதிய மெட்டுகளில் ஒன்றை எடுத்து, முதலில் இருந்தபடியே வாசித்தேன். முதல் கோர்டின் வால் இரண்டாவதுக்குள் முழுதாகப் போய்க் கரைந்தது.